மருந்து வாங்குவதும் மருந்து இருப்பதும்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுத் தொண்டர்களும் மஹல்லா நிர்வாகிகளும் கலந்துகொண்ட ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற செயற்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, பள்ளிவாசல் வாசலில் ஒரு பெட்டி வைத்து, வீடுகளில் மிச்சம் கிடக்கும் மருந்து மாத்திரைகளைச் சேகரித்து ஏழைகளுக்குக் கொடுப்பது. இரண்டு, அறக்கட்டளைக் கட்டடத்தின் முன் அறையில் இலவச மருந்தகம் ஒன்றைத் திறப்பது. இதற்கு ரமளானில் ஒரு பெரிய தொகை தருவதாக வெளிநாட்டிலிருக்கும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. இரண்டுக்கும் கை தூக்காதவர்கள் அன்று யாருமில்லை. முடிவெடுக்கும் முன் எனக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தலைவர் அவர்கள் அனுமதித்தார்கள்.

பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கடற்கரை மறக்காது. அதே அலை நம்மைவிடப் பல மடங்கு கொடுமையாக இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தை அடித்தது. உலகம் முழுவதும் இருந்து உதவி குவிந்தது, மருந்தும் குவிந்தது. அங்கே போய்ச் சேர்ந்த மருந்தை ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் மருந்தாளுநர்கள் பிறகு கணக்கெடுத்தார்கள். இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்குச் சுமார் 4,000 டன் மருந்து வந்திருந்தது. பத்தில் ஏழு பங்கு, உள்ளூர் மருத்துவர்கள் படிக்க முடியாத மொழியில் அச்சிட்ட உறைகளோடு இருந்தது. பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதது. ஏறக்குறைய 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது. மருந்தை அழிப்பதென்றால் குப்பையில் கொட்டித் தீ வைப்பதல்ல. அதற்குத் தனி உலை வேண்டும், அதற்கும் செலவு உண்டு. வீடிழந்தவனுக்கு வந்த உதவியை அழிக்க இன்னொருவரிடம் உதவி கேட்கும் நிலை.

இது ஆச்சேயில் மட்டும் நடந்ததில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே போஸ்னியாவில் இதுதான் நடந்தது. 1992 முதல் 1996 வரை போர்க்காலத்தில் அங்கே வந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் பயனற்றது என்று கணக்கிட்டார்கள். அதில் மருந்தகங்களில் விற்காமல் கிடந்த சரக்கும், வீடுகளில் மிஞ்சியதும், காலாவதியானதும் இருந்தன. அதே 1996ல்தான் உலக சுகாதார நிறுவனம் மருந்துக் கொடைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெறுகிறவர் கேட்காததை அனுப்பாதே. ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதே. வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். உறையில் இருப்பது பெறுகிறவர் நாட்டு மருத்துவருக்குப் புரிய வேண்டும். இவ்வளவுதான் சாரம்.

நம் பெட்டியில் என்ன விழும் என்று உங்களுக்கே தெரியும். சபராளிகள் கொண்டுவரும் பனடோல், பாதி தீர்ந்த இருமல் மருந்து, மௌத்தான பெரியவரின் தலைமாட்டில் இருந்த இதய மாத்திரைகள், ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததில் இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்திய ஆன்டிபயாட்டிக். உறையில் அரபி எழுத்து இருக்கிறதே என்று ஒரு பெரியம்மா அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றி வைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குள்ள ஈமான் எனக்கும் வேண்டும். ஆனால் அந்த அட்டையில் இருந்தது வலி மாத்திரை, அவருக்கோ சிறுநீரகக் கோளாறு. கோடாலித் தைலம் வேண்டுமானால் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகட்டும். மாத்திரை போகக் கூடாது. பெட்டி வேண்டாம் என்பது என் கருத்து. இதில் இரண்டாவது யோசனைக்கு இடமே இல்லை என்று நினைக்கிறேன்.

இனி மருந்தகம். இதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் மருந்தை வாங்குவது எளிது. தேவைப்படும் அன்று அது அலமாரியில் இருப்பதுதான் கடினம். இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதை நமக்கு வெளிநாட்டிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நம் மாநிலத்திலேயே முப்பது ஆண்டுப் பாடம் இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று இருக்கிறது. 1994 ஜூலை 1 அன்று பதிவாகி, 1995 ஜனவரி முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெரிய டப்பாவிலிருந்து மாத்திரையை எண்ணித் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அது ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும். பாதி நாள் 'வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சீட்டு வரும். அரசிடம் காசு இல்லாததால் மட்டும் அப்படி நடக்கவில்லை. காசு இருந்தது. எங்கே எவ்வளவு இருக்கிறது, எங்கே எவ்வளவு தீர்ந்தது என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இருந்தது.

அவர்கள் செய்தவற்றில் நமக்கு உதவுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலையாகப் பட்டியலைச் சுருக்கினார்கள். கடைகளில் ஆயிரக்கணக்கான பெயர்களில் மருந்து இருக்கும். ஒரே மருந்துக்கு ஐம்பது வணிகப் பெயர்கள் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1977ல் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதன் நோக்கமே, பெரும்பாலானவர்களின் பெரும்பாலான நோய்களுக்குச் சில நூறு மருந்துகள் போதும் என்று நாடுகளுக்குச் சொல்வதுதான். கழகமும் அந்த வழியில் ஒரு பட்டியல் போட்டு, மருந்தின் மூலப்பெயரால் டெண்டர் விட்டது. விலைப்புள்ளிகள் இரண்டு உறைகளில் வரும். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி இருக்கும்: உற்பத்திச் சான்று, எத்தனை ஆண்டு அனுபவம், ஆண்டு விற்றுமுதல். அதில் தேறியவர்களின் இரண்டாம் உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். அதில்தான் விலை இருக்கும். இடைத்தரகருக்கு இடமில்லை, தயாரிப்பவரே நேரடியாகத் தர வேண்டும்.

மலிவாக வாங்கினால் தரம் போய்விடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. 2022ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் குழந்தைகள் இறந்ததிலும் இந்த நச்சுதான் பேசப்பட்டது. அச்சடித்த உறையும் அழகான புட்டியும் தரத்துக்குச் சாட்சி ஆகாது. கழகத்தின் முறையில், மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்து உடனே மருத்துவமனைக்குப் போகாது, தனியே காத்திருக்கும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே தயாரிப்பாளரின் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் கொடுத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. முடிவு சரியென்று வந்த பிறகுதான் அந்தப் பேட்ச் கிடங்கை விட்டு நகரும். பரீட்சைத் தாளில் மாணவன் பெயருக்குப் பதில் எண் போடுகிறோமே, அதே யோசனைதான். மனிதன் நல்லவனாக இருப்பான் என்று நம்பி விட்டுவிடாமல், கெட்டவனாக இருந்தாலும் முடியாதபடி செய்துவைத்தார்கள்.

மாத்திரைகள் அட்டையில் அடைபட்டு வந்தன. அட்டையிலேயே அரசின் சின்னமும், விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். ஈரமும் திருட்டும் ஒரே அட்டையால் குறைந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் பாஸ்புக். மதரஸாவில் ஓதிவிட்டுக் கல்லூரியில் வணிகவியல் படித்தவன் நான். பேரேடு என்றால் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கி, அதை ஒரு பாஸ்புக்கில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தலைமையகம் தீர்மானித்ததை எல்லோருக்கும் சமமாகப் பிரித்து அனுப்பும் பழக்கம் போயிற்று. பாம்புக்கடி அதிகம் உள்ள ஊர் அதற்கான ஊசியை எடுக்கும். முதியவர் அதிகம் உள்ள ஊர் இரத்த அழுத்த மாத்திரையை எடுக்கும். எடுக்க எடுக்கப் பாஸ்புக்கில் கழியும். மருத்துவருக்குத் தன் கையிருப்பு தெரியும், கிடங்குக்கு ஊர்களின் போக்கு தெரியும். பிற்பாடு கேரளமும், 2011ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ராஜஸ்தானும் இந்தக் கழகத்தைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

இதனால் இங்கே மருந்துத் தட்டுப்பாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது நாளைக்குத் தர வேண்டிய இடத்தில் பதினைந்து நாளைக்குத் தந்து அனுப்புவது இன்றும் உண்டு. நம் மஹல்லாவில் ஒரு ராத்தா, பதினைந்து நாள் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து முப்பது நாளைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மறுபடி போனா ஒரு நாள் கூலி போகுது தம்பி" என்றார்கள். சர்க்கரை ஏன் குறையவில்லை என்று மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ராத்தா அதையும் உடைத்தார்கள். மருந்து கிடங்கில் இருந்தது, சுகாதார நிலையத்தில் இருந்தது, கடைசி ஒரு மைலில்தான் அறுந்துபோனது. நம் அறக்கட்டளைக்கு வேலை இருப்பது அங்கேதான்.

நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காசநோயைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1956ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்று அது சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இருக்கிறது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. ஏழை நோயாளி தன் குடிசையிலேயே இருந்து மருந்தைச் சாப்பிட்டாலும் அதே அளவு குணமடைவான் என்று 1959ல் அந்த மையம் நிரூபித்தது. உலகின் காசநோய் சிகிச்சையே அதனால் திரும்பியது. ஆனால் ஒரு நிபந்தனை அதற்குள் ஒளிந்திருந்தது. படுக்கை வேண்டாம், நல்ல காற்று வேண்டாம், மருந்து மட்டும் ஒரு நாளும் நிற்கக் கூடாது. நின்றால் கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும். பிறகு அந்த மருந்து அவனுக்கு மட்டுமல்ல, அவன் இருமுகிற வீட்டுக்கே வேலை செய்யாது.

1997ல் திருத்தியமைத்த தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பெட்டி. சிகிச்சை தொடங்கும் அன்றே அவருக்கு வேண்டிய முழுக் காலத்துக்கான மருந்தும் ஒரே அட்டைப் பெட்டியில், அவர் பெயர் எழுதி, தனியே எடுத்து வைக்கப்படும். புதிய நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறு சிகிச்சைக்கு நீலப் பெட்டி. மாவட்டத்தில் தட்டுப்பாடு வந்தாலும், லாரி வராவிட்டாலும், அந்தப் பெட்டியை வேறு யாருக்கும் திறக்க மாட்டார்கள். பெட்டி இல்லையென்றால் சிகிச்சையைத் தொடங்குவதே இல்லை. பாதியில் விடுவதைவிட இரண்டு நாள் தாமதம் மேல். நம் மார்க்கக் கல்வியில் அமானத் என்ற சொல்லுக்கு எத்தனையோ விளக்கம் படித்தோம். பெயர் எழுதிய அந்தப் பெட்டியும் எனக்கு ஒரு விளக்கமாகவே தெரிகிறது.

இப்போது அந்தப் பெட்டி முறை மாறிவிட்டது. தினசரி சாப்பிடும் கூட்டு மாத்திரைகள் எடைக்கேற்ப அட்டைகளாக வருகின்றன. சிகிச்சை முறையில் அது முன்னேற்றம்தான். ஆனால் 2024 மார்ச்சில் மத்தியக் கொள்முதலில் தாமதமாகி, மூன்று மாதத் தேவையை உள்ளூரில் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும்படி மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதும் நிலை வந்தது. வசதியான மாநிலம் வாங்கிக்கொள்ளும். மாவட்ட அளவில் திடீரென்று வாங்கப் போனால் தயாரிப்பாளரிடம் சரக்கு இருக்க வேண்டுமே? பல மாநிலங்களில் நோயாளிகள் இரண்டு நாள் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப நடந்தார்கள். பெரிய அரசாங்கத்துக்கே இது நேர்கிறது. நாம் முன் அறையில் நான்கு அலமாரி வைத்துக்கொண்டு தொடங்கப் போகிறோம்.

ஆகவே கணக்கைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், நான்காம் வகுப்புக் கணக்குதான்.

நம் கணக்கெடுப்பில் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் தேவைப்படும் 60 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்கு இரண்டு. ஒரு நாளைக்கு 120, மாதத்துக்கு 3,600. ஆர்டர் கொடுத்தால் வந்து சேரப் பத்து நாள் ஆகிறது. அதற்குள் 1,200 தீரும். மழை, திருவிழா, லாரி வேலைநிறுத்தம் என்று எதிர்பாராததற்குப் பதினைந்து நாள் இருப்பு, அது 1,800. ஆக, அலமாரியில் 3,000 என்ற இடத்துக்கு இருப்பு இறங்கிய அன்றே ஆர்டர் போக வேண்டும். பாட்டிலில் நாலு மாத்திரை இருக்கும்போது போன் எடுக்கக் கூடாது. மூவாயிரம் இருக்கும்போது போன் எடுப்பவரைப் பார்த்தால், இவர் ஏன் அவசரப்படுகிறார் என்று தோன்றும். அவர்தான் சரியானவர்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நன்றாகக் கேளுங்கள், பெரிய அலுவலகங்களும் விழும் கண்ணி இது. ஒரு மாதம் இருபதாம் நாளே மருந்து தீர்ந்துவிட்டது. பத்து நாள் வந்தவர்களை இல்லை என்று சொல்லி அனுப்பினோம். மாதக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்தால் 2,000 மாத்திரை கொடுத்ததாக இருக்கும். அடுத்த மாதத்துக்குப் 'போன மாதம் 2,000தானே போனது' என்று 2,000 வாங்குவோம். உண்மையில் இருபது நாளில் 2,000 என்றால் முப்பது நாளுக்கு 3,000 வேண்டும். அடுத்த மாதமும் இருபதாம் நாள் தீரும். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியவர் மூன்றாம் முறை வரவே மாட்டார். அப்போது பதிவேட்டில் தேவையே குறைந்ததாகத் தெரியும். பற்றாக்குறை தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். அதனால் கொடுத்ததை எழுதுவதோடு நின்றால் போதாது. இல்லை என்று திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும் எழுத வேண்டும். அந்த இரண்டாவது பதிவேடுதான் மருந்தகத்தின் உண்மையான பதிவேடு.

நம் நோன்புக் கஞ்சிச் சமையல்காரருக்கு இது தெரியும். முதல் பத்தில் எத்தனை சட்டி, வெள்ளிக்கிழமை எவ்வளவு கூடும், இருபத்தேழாம் கிழமைக்கு எவ்வளவு என்று அவர் அரிசியைப் பார்த்தே சொல்வார். வாளியோடு வந்து கஞ்சி கிடைக்காமல் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் அவர் மனதில் வைத்திருப்பார், மறுநாள் அரைப்படி கூடுதலாகப் போடுவார். கஞ்சி மிஞ்சினால் இரவே தீர்ந்துவிடும். மருந்து மிஞ்சினால் தீராது, காலாவதியாகும். அதுதான் வித்தியாசம்.

இங்கேதான் நன்கொடை தரும் சகோதரர் விஷயம் வருகிறது. அவர் முன்னிலையிலும் இதைச் சொல்வேன், போனில் சொல்லியும் விட்டேன். நமக்குப் பணம் வருவது ரமளானில். நோய் இருப்பது பன்னிரண்டு மாதமும். வந்த பணத்தைப் பெருநாளைக்கு முன்பே செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மொத்தமாக வாங்கினால், திறப்பு விழாப் புகைப்படத்தில் அலமாரி நிறைந்து அழகாக இருக்கும். அடுத்த ரமளானுக்குள் கால் பங்கு காலாவதியாகும், முக்கால் பங்கு நோயாளிக்கு முக்கியமான மருந்து மட்டும் இருக்காது. ஜகாத் பணமா, சதகாவா, எதை எப்போது செலவிட வேண்டும், யாருக்கு உரியதாக்க வேண்டும் என்ற மார்க்கச் சட்டத்தை ஹஸ்ரத் அவர்கள் தீர்த்துத் தருவார்கள். அதற்குள் நான் போகவில்லை. என் கோரிக்கை, மருந்தகத்துக்கென்று வரும் பொது நன்கொடையைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து மாதாமாதம் எடுக்க வேண்டும் என்பதுதான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பெயர்ப்பலகை எப்ப வைப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஓராண்டு தட்டில்லாமல் நடந்த பிறகு வைக்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

அரசு இலவசமாகக் கொடுப்பதை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் சுகாதார நிலையத்தில் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நம் மஹல்லாவில் அதில் பெயர் பதியாதவர்கள் பலர். நாலு தொண்டர்கள் ஒரு வாரம் நடந்தால் பதிந்துவிடலாம். அதற்கு ஒரு பைசா நன்கொடை தேவையில்லை. இடையில் விடுபடும் பதினைந்து நாளை மட்டும் நம் அலமாரி தாங்கட்டும். அதற்குப் பத்துப் பதினைந்து வகை மருந்து போதும். எவை என்று நம் மருத்துவர்கள் மூலப்பெயரில் எழுதித் தர வேண்டும். மெடிக்கல் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போகும் மாதிரி மருந்துகளை அலமாரியில் ஏற்றக் கூடாது. சில்லறையாக வேண்டியதற்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. மொத்தமாக வாங்குவதென்றால் உரிமம் உள்ள மொத்த விற்பனையாளரிடம், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எழுதிய பில்லோடுதான். பணத்தைச் சொன்ன தேதியில் கொடுத்துவிட வேண்டும். தருமக் கணக்குதானே, மெதுவாகக் கொடுக்கலாம் என்று கடைக்காரரைக் காக்க வைத்தால், தட்டுப்பாடு வரும் மாதம் அவர் முதலில் யாருக்குக் கொடுப்பார் என்று யோசியுங்கள்.

பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் அறையைத் திறக்கக் கூடாது. மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் என்னென்ன அனுமதி தேவை என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் ஆணி அடிப்பது. நம் பெண் பிள்ளைகளில் பி.பார்ம் படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்துக் கேட்கலாம். 'சேவைதானே' என்று சும்மா வரச் சொல்வது நியாயமில்லை.

முன் அறை மேற்குப் பார்த்த அறை. மே மாதம் அஸருக்கு அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அலமாரியை ஜன்னல் சுவரில் வைக்க முடியாது, வெப்பமானி ஒன்று மாட்டி இரு வேளை குறிக்க வேண்டும். இன்சுலின் வைப்பதென்றால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ப்பெட்டி வேண்டும். குளிர் குறைந்தால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின் பார்க்க மறுபடியும் நன்றாகவே தோன்றலாம், ஆனால் அதை நம்பிப் பயன்படுத்தக் கூடாது. அரசுத் தடுப்பூசி மையங்களில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பொதியைச் சற்று வியர்க்கவிட்ட பிறகே தடுப்பூசிப் பையில் வைப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசியும் ஐந்து நோய்க் கூட்டு ஊசியும் உறைந்தால் வீண் என்பதால்தான். மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு முடிவாகும் வரை இன்சுலினை நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இது சிலருக்கு வருத்தம் தரும். எனக்கும் வருத்தம்தான், கேட்பவர்களில் என் உறவினரும் உண்டு.

அலமாரியில் புதுச்சரக்கைப் பின்னால் வைக்க வேண்டும். முதலில் காலாவதியாவது முன்னால். மளிகைக்கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. தொண்டர்கள் திருப்பி அனுப்பியவர்களின் பதிவேட்டை எழுதும்போது, அரசு சுகாதார நிலையத்தில் எந்த மருந்து எந்தத் தேதியில் இல்லை என்பதையும் எழுதுங்கள். சண்டைக்கு அல்ல. மூன்று மாதப் பதிவோடு வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்தால், 'எப்பப் பார்த்தாலும் மருந்தே இல்லை' என்று சொல்வதைவிட அவருக்கும் அது உதவும். அவர் மேலே எழுதுவதற்கும் அவருக்கு ஒரு தாள் வேண்டும்.

செயற்குழுவின் முன் நான் வைப்பது இவைதான். பெட்டியை விட்டுவிடுவோம். மருந்தகத்துக்குத் திறப்பு நாள் இன்று குறிக்க வேண்டாம். முதலில் கணக்கெடுப்பு. வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு தொடங்குகிறோம், தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் சகோதரியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் போய் மாத்திரை அட்டையைப் பார்த்து எழுத அவர்களால்தான் முடியும். என்ன மாத்திரை, நாளைக்கு எத்தனை, எங்கே வாங்குகிறார், கடைசியாக என்று தீர்ந்தது, இந்த நான்கு கேள்விகள் போதும். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அந்த நோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகள் இருக்கின்றன. படிவங்கள் அலுவலகத்தில் அச்சாகிவிட்டன, மோதினாரிடம் வாங்கிக்கொள்ளலாம். கடற்கரைத் தெருவுக்கு இன்னும் ஆள் சேரவில்லை, இஷாவுக்கு முன் பெயர் கொடுங்கள்.